பொன்டூன் படகை வீதியில் இழுக்கும்போது எஞ்சினை எதன்மேல் நிறுத்துவது?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில், வாடை எழுவதற்கு முன்பு, இரு மிதவைக் குழாய்களின்மேல் தட்டையான மேடை அமைந்த என் பொன்டூன் படகைத் திருகோணமலை உட்துறைமுகத்திலிருந்து நிலாவெளியில் உள்ள வீட்டுக்கு ட்ரெயிலரில் கொண்டுவந்துவிடுவேன். 15 கிலோமீற்றர் அளவுதான் தூரம். முதல் ஆண்டு எஞ்சினை மேலே தூக்கி, அதிலேயே இருக்கும் சிறிய தாங்கு நெம்பை மாட்டிவிட்டுப் புறப்பட்டேன். சாம்பல்தீவைத் தாண்டியதும் ட்ரெயிலர் ஒரு குழியில் இறங்கி எழுந்தது. பின்னால் சம்மட்டி அடித்ததுபோல் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன், நெம்பு வளைந்து கழன்றிருந்தது, எஞ்சின் கீழே விழுந்து நின்றது. எஞ்சின் பொருத்தியிருந்த பலகையின் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு அந்த வெடிப்பு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த நெம்பு, படகு கட்டிக் கிடக்கும்போது எஞ்சினைத் தூக்கி நிறுத்துவதற்கு உரியது. வீதிப் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம் என்று யமஹாவின் கைநூலே எச்சரிக்கிறது; குலுக்கலில் அது கழன்று எஞ்சின் விழக்கூடும். 60 குதிரைவலு 4 ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 110 கிலோ. 115 குதிரைவலு என்றால் 160 கிலோவையும் தாண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது எளிது; அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்து நடந்து பாருங்கள். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினால் அதன் பாரம் படகுக்கு வெளியே அப்படித்தான் நீண்டு நிற்கிறது. ஒவ்வொரு குழியிலும் அந்தப் பாரம் பின்பலகையையும் அதன் ஆணிகளையும் நெம்பிப் பார்க்கிறது.

முதலில் முழம் போட்டுப் பாருங்கள்

எஞ்சினுக்கு மிகவும் நல்லது, கடலில் ஓடும்போது இருப்பதுபோல் நேராக நிற்பது. மிதவைக் குழாய்கள் நீளமான மரத்தாங்கிகளில் அமரும் ட்ரெயிலரில் பொன்டூன் உயரமாகவே இருக்கும். ஆகவே பல படகுகளில் எஞ்சினைத் தூக்கவே தேவையில்லை. தரைக்கும் எஞ்சினின் அடித்தகட்டுக்கும் இடையில் ஒரு முழமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இது என் சொந்த அளவு. சமதரையில் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள்: இழுக்கும் வண்டி மேட்டில் ஏறும்போது ட்ரெயிலரின் வால் தாழும், வீட்டுப் படலை வாசலில் இன்னும் தாழும்.

இடைவெளி போதுமென்றால், எஞ்சினை நேராக விட்டு, ஸ்டியரிங்கை நடுவில் வைத்து அசையாமல் கட்டுங்கள். பாதி வேலை முடிந்தது. 15, 25 குதிரைவலு எஞ்சின் வைத்திருப்பவர்கள் நம் மீனவர்கள் செய்வதுபோல் கழற்றியே கொண்டுபோகலாம். அதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

இடைவெளி போதாவிட்டால் தாங்கி வேண்டும்

இரண்டு வகைத் தாங்கிகள் உண்டு. ஒன்று நீண்ட கம்பி. அதன் ஒரு முனை ட்ரெயிலரின் பின்சட்டத்தில் மாட்டும்; மறுமுனையில் ரப்பர் பூசிய கவை எஞ்சினின் கீழ்ப்பகுதியைத் தாங்கும். மற்றது, எஞ்சினைத் தூக்கி இறக்கும் ஹைட்ரோலிக் தண்டின்மேல் கவ்வி உட்காரும் குறுகிய துண்டு. தண்டு உள்ளே போக இடமில்லாததால் எஞ்சின் இறங்காது.

பொன்டூனுக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். பொன்டூனின் எஞ்சின் இரு குழாய்களுக்கும் நடுவில், மேடைக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. பல ட்ரெயிலர்களின் சட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும். குழாய்களுக்கு இடையே நுழைந்து மேடையைத் தூக்கும் ஒடுங்கிய ட்ரெயிலரில் இது இன்னும் சிக்கல். நீளம் எட்டாத கம்பியைச் சரிவாக மாட்டினால் அது தாங்காது, குத்தும். மேலும், கம்பி ட்ரெயிலரையும் எஞ்சினையும் நேரடியாக இணைக்கிறது. படகு ட்ரெயிலரில் சிறிது நகர்ந்தாலும் அந்த இடி எஞ்சினுக்குத்தான் போகும். கம்பிதான் பொருந்துகிறது என்றால், படகின் பின்பக்கத்தை இரு பக்கமும் பட்டி போட்டு ட்ரெயிலருடன் இறுக்கிய பிறகே அதை மாட்டுங்கள்.

முதிரைக் கட்டையைச் செருகிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டை வலியதுதான், ஆனால் எஞ்சின் ஒரு தடவை எம்பினால் அது வீதியில் விழும். அவசரத்துக்கு வைத்தாலும் கயிற்றால் கட்டாமல் வைக்காதீர்கள்.

பொருத்தும் முறை

இரண்டு பேர் வேண்டும். படகு நீரைவிட்டு ஏறியதும் எஞ்சினைச் சற்று நேரம் நேராக விட்டு உள்ளிருக்கும் உப்புநீர் வடியவிடுங்கள். சாவியைக் கழற்றிவிட்டு, ஒருவர் எஞ்சினில் உள்ள பொத்தானை அழுத்தி, தேவையைவிடச் சிறிது உயரமாகத் தூக்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று தாங்கியை வைக்க வேண்டும். தூக்கிய எஞ்சினுக்கு அடியில் தலையையோ கையையோ ஒருபோதும் கொண்டுபோக வேண்டாம். ஹைட்ரோலிக் அழுத்தம் குறைந்தால் அது சொல்லிவிட்டு இறங்குவதில்லை.

பிறகு மெதுவாக இறக்கி, எஞ்சின் தாங்கியில் பதியும்வரை மட்டும் விடுங்கள். பதிந்த பின்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் தாங்கியோ தண்டோ வளையக்கூடும். கம்பியின் கவை கியர் பெட்டியின் முன்விளிம்பில் அமர வேண்டும். புரொப்பெல்லரிலும் அதற்கு மேலுள்ள கிடைத்தகட்டிலும் பாரம் படக்கூடாது. கவையுடன் வரும் பட்டியைச் சுற்றி இறுக்குங்கள். இப்போது எஞ்சினைக் கையால் பிடித்து உலுக்குங்கள். எஞ்சின் மட்டும் தனியே ஆடினால் மீண்டும் செய்யுங்கள். படகும் ட்ரெயிலரும் சேர்ந்து ஆடினால் சரி.

கையில் தூக்கும் பெற்றோல் கலன் என்றால் பெற்றோல் குழாயைக் கழற்றி, மூடியின் காற்றுத் திருகை மூடுங்கள். பின்னால் நீட்டியிருக்கும் எஞ்சினில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

வீதியில்

புறப்பட்ட ஐந்தாறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்துங்கள். உட்துறைமுகத்திலிருந்து வருகிற நான் உப்புவெளியில் நிறுத்துகிறேன். புதிய பட்டி முதல் குலுக்கலில் தளரக்கூடும். பாலங்களில் தளம் இணையும் கோடுகளை மெதுவாகக் கடந்து செல்லுங்கள்.

சேர்ந்ததும், முதலில் எஞ்சினைச் சிறிது தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டுத்தான் தாங்கியைக் கழற்ற வேண்டும். தண்டில் தாங்கி இருக்கும்போதே இறக்கும் பொத்தானை அழுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. நான் தாங்கியை மாட்டும்போதே ஒரு சிவப்பு நாடாவைப் படகின் சாவியில் கட்டிவிடுவேன். தாங்கி பெட்டிக்குள் போன பிறகே அந்த நாடாவை அவிழ்ப்பேன்.