உயர் அழுத்த லைனுக்கு எந்த அளவு கண்டக்டர் போடுவது?

லைனுக்குக் கண்டக்டர் தேர்வு செய்ய உட்கார்ந்தால் முதலில் கை போவது, எந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் ஆம்பியர் அட்டவணைக்குத்தான். போகட்டும், தப்பில்லை. ஆனால் எதற்குக் கீழே போகக்கூடாது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எது நல்ல அளவு என்று சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 132 கிலோவோல்ட், 100 மெகாவாட், பவர் ஃபேக்டர் (ஓடும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.9, தூரம் 50 கிலோமீட்டர். வோல்டேஜையும் பவர் ஃபேக்டரையும் 1.732-ஆல் பெருக்கி அதைக் கொண்டு மெகாவாட்டை வகுத்தால் சுமார் 486 ஆம்பியர் வரும். சாதாரண ஏசிஎஸ்ஆர் கண்டக்டரை (நடுவில் எஃகு, சுற்றிலும் அலுமினியம் முறுக்கிய கம்பி) 75 டிகிரி வரை சூடாக விடுவது வழக்கம். வெளியே 40 டிகிரி, நல்ல வெயில், நொடிக்கு 0.6 மீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் 'பாந்தர்' என்ற ஏசிஎஸ்ஆர் அளவு இந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய தன் எல்லையில் நிற்கும். அட்டவணையில் உள்ள எண் எந்த வெயிலுக்கும் காற்றுக்கும் போட்டது என்பதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

சரி, இழப்பு? சூடேறினால் அலுமினியத்தின் மின்தடையும் ஏறும், 20 டிகிரியிலிருந்து 75-க்குப் போனால் 22 சதவீதம் கூடுதல். அப்படிப் பார்த்தால் பாந்தரில் உச்ச லோடில் 6 மெகாவாட் போல வெப்பமாகவே போய்விடும், அதாவது அனுப்புவதில் 6 சதவீதம். அதே இடத்தில் அதைவிடத் தடிமனான 'ஜீப்ரா' போட்டால் அதில் பாதிகூட வராது. கெல்வின் 1881-லேயே சொன்ன விதி இதற்குத்தான்: கம்பி தடிமனாவதால் ஆண்டுக்குக் கூடும் முதலீட்டுச் செலவும், இழப்பின் ஆண்டுச் செலவும் சமமாகும் அளவே மலிவானது. உச்ச லோடு வருடம் முழுக்க இருக்காது என்பதால் லோடு ஃபேக்டரைச் (சராசரி லோடு உச்ச லோடில் எவ்வளவு பங்கு என்பது) சேர்த்துக் கணக்கிடுங்கள். கம்பி அளவுக்கு எதிராக மொத்தச் செலவை வரைந்தால் வரும் வளைவு அடிப்பகுதியில் கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும், அதனால் இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் நான் பெரியதைத்தான் எடுப்பேன், லோடு என்றைக்கும் குறையப்போவதில்லை.

வோல்டேஜ் ஏற ஏற ஆட்டம் மாறும். 220 கிலோவோல்ட்டுக்கு மேலே போனால் பெரும்பாலும் ஆம்பியரை விட கொரோனாதான் முடிவு செய்யும். கம்பி மெலிதாக இருந்தால் மேற்பரப்பில் மின்புலம் குவிந்து காற்றே அயனியாகும், அதுதான் கொரோனா; சீறல், ரேடியோ இரைச்சல், மழை நாளில் கூடுதல் இழப்பு எல்லாம் வரும். இங்கே முக்கியம் விட்டம். மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இன்னும் பெரிய விட்டம் வேண்டும். 400 கிலோவோல்ட்டில் ஒரே கம்பியைக் குண்டாக்காமல் ஃபேஸுக்கு இரண்டோ நான்கோ கட்டுவது அதனால்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் கம்பியின் காந்தப்புலம் தரும் எதிர்ப்பு, குறையும். நீண்ட லைனில் வோல்டேஜ் சரிவையும் நிலைத்தன்மையையும் பெரும்பாலும் தீர்மானிப்பது ரியாக்டன்ஸ்தான், ஒற்றைக் கம்பியை எவ்வளவு தடிமனாக்கினாலும் அது பெரிதாகக் குறையாது.

அப்புறம் கோபுரம். தடித்த கம்பிக்கு எடை அதிகம், காற்று தள்ளும் பரப்பும் அதிகம், அது அத்தனையும் கோபுரத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்ச் சேரும். அதனால் கம்பி விலையை மட்டும் ஒப்பிட்டுப் பேசுவது வீண். தொய்வை அதிகபட்ச வெப்பநிலையில் பாருங்கள், நிலத்திலிருந்து இடைவெளி அங்கேதான் இடிக்கும். பழைய கோபுரத்தை மாற்ற வழியில்லை, ஓட்டம் மட்டும் கூட வேண்டும் என்றால் அதிக வெப்பம் தாங்கி, குறைவாகத் தொய்யும் வகைகள் இருக்கின்றன. ஆனால் ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு, அந்தக் கணக்கைப் போட்ட பிறகு ஆர்டர் கொடுங்கள்.