வெளிநாட்டில் வாடகைக் கார்: சாவியை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், சில வாரங்கள் கழித்துத் தம் கடன் அட்டைக் கணக்கில் தமக்குத் தெரியாத ஒரு தொகை பிடிக்கப்பட்டிருப்பதைக் காண்பதுண்டு. பம்பரில் கீறல் என்றோ, சக்கரத்தில் உரசல் என்றோ, விதிமீறலுக்கான கட்டணம் என்றோ காரணம் சொல்லப்படும். அதை மறுத்துப் பேச வேண்டுமானால் கையில் ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தைக் காரை எடுக்கும்போதே சேர்த்து வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்படுபவற்றில் பாதி, அந்த ஆவணங்களை உரிய நேரத்தில் உண்டாக்கிக் கொள்வது பற்றியதே.

முதலில் ஓட்டுநர் உரிமம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்ற சிறு புத்தகம் உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது. அசல் உரிமம் உடன் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. உரிமம் தந்த நாட்டிலேயே அதைப் பெற வேண்டும் என்பதால், விமானம் ஏறிய பின் நினைவு வந்து பயனில்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது, 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது என இன்று முக்கியமாக இரு வகைகள் புழக்கத்தில் உள்ளன. ஜப்பான் முதல் வகையை மட்டுமே ஏற்கும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளின் உரிமம் வைத்திருப்போர் அங்கு அந்தப் புத்தகத்துக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் காட்ட வேண்டும். சீனப் பெருநிலத்திலோ பன்னாட்டு அனுமதி செல்லவே செல்லாது. செல்லும் நாடு எந்த வகையைக் கேட்கிறது என்பதை அந்நாட்டு அரசின் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காவலர் நிறுத்தாத வரை சிக்கலில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் செல்லுபடியாகாத உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும்.

முன்பதிவு செய்யும்போது, வாடகையைவிட நிபந்தனைகளையே நிதானமாகப் படிக்க வேண்டும். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. கணவர் ஓட்டுநராகவும் மனைவியின் அட்டை வைப்புத்தொகைக்காகவும் என்று வந்து நிற்பவர்களுக்குக் கார் மறுக்கப்படலாம். டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஏற்றாலும், அவர்களே விற்கும் முழுக் காப்பீட்டை எடுத்தாக வேண்டும் என்பார்கள். வைப்புத்தொகையாக முடக்கப்படும் பணம் விடுபடப் பல நாட்கள் ஆகலாம் என்பதால், அட்டையின் வரம்பில் அந்த அளவுக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பொதுவாகக் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். ஐரோப்பாவில் தானியங்கி கியர் வேண்டுமென்றால் அதைக் குறிப்பிட்டே பதிவு செய்ய வேண்டும். மலிவான வகைகளில் கைக்கியர் வண்டிகளே அதிகம். விமான எண்ணையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். விமானம் தாமதமானால், நீங்கள் வரவில்லை என்று கருதிக் காரை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு அதனால் குறையும்.

பணம் அதிகம் கரைவது காப்பீட்டில்தான். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, நீங்கள் ஓட்டும் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு, திருட்டுக்கான பாதுகாப்பு ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதலாவது சட்டப்படி வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அமெரிக்காவிலோ அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சேர்ந்திருந்தாலும் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவாகவே இருக்கக்கூடும் என்பதால், அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது மிக அவசியம். இரண்டாவதைச் சி.டி.டபிள்யூ. என்பார்கள். அது இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள், 'எக்சஸ்' என்ற சொல்லைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். சேதத்தில் முதல் இவ்வளவு தொகை வாடிக்கையாளர் தலையில் என்பதே அதன் பொருள். பெரிய தொகையாக இருக்கும் அந்தப் பங்கைக் குறைப்பதற்காகத்தான் வாடகை நிறுவனத்தின் முகப்பில் இருப்பவர் கூடுதல் காப்பீட்டை அவ்வளவு வற்புறுத்தி விற்கிறார்.

அந்தக் கூடுதல் காப்பீட்டை வெளியில் தனி நிறுவனத்திடமும் வாங்கலாம். பொதுவாக விலை குறைவு. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. வெளியில் வாங்கியதை வாடகை நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. முழு வைப்புத்தொகையையும் முடக்கும், சேதம் என்றால் முதலில் உங்களிடமே பணத்தைப் பிடிக்கும். ரசீதுகளைக் காட்டி அதை நீங்கள்தான் காப்பீட்டாளரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். முன்பதிவு முகவரிடம் 'முழுப் பாதுகாப்பு' என்ற பெயரில் வாங்கியதும் பெரும்பாலும் இந்த வகைதான். இது தெரியாமல் முகப்பில் நின்று வாக்குவாதம் செய்து, கடைசியில் ஒரே ஆபத்துக்கு இரண்டு காப்பீடு வாங்கிவிடுவோர் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் விலக்குகளைப் படியுங்கள்: டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, தொலைந்த சாவி, தவறான எரிபொருள் ஆகியவை அடிக்கடி விலக்கப்பட்டிருக்கும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ பாதுகாப்பு முழுவதையும் இழக்க நேரிடும்.

சாவி கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காரைச் சுற்றி நடந்து, இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். நான்கு சக்கரங்களின் விளிம்பு, முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், கூரை, பம்பரின் கீழ்ப்பகுதி, எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் தெரிய வேண்டும். அப்போதுதான் கழுவி நிறுத்திய காரில் ஈரம் கீறலை மறைக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள். நிறுத்துமிடம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்திய பின் பாருங்கள். கண்ணில் பட்டதெல்லாம் ஒப்பந்தத்தோடு உள்ள சேதப் படத்தில் குறிக்கப்பட்டு ஊழியரின் கையெழுத்தும் பெறப்பட வேண்டும். 'இது சின்னதுதான், எழுத வேண்டாம்' என்று அவர் சொன்னாலும் எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தரும் நாளில் அங்கே அவர் இருக்கமாட்டார். ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பஞ்சர் ஒட்டும் கருவி மட்டும்தானா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சாலைக் கட்டணங்களும் நுழைவுத் தடைகளும் நாட்டுக்கு நாடு மாறும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளுக்கு 40 பிராங்க் விலையுள்ள ஆண்டுச் சாலைக்கட்டண வில்லை வேண்டும். அங்கேயே எடுக்கும் காரில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், பக்கத்து நாட்டில் எடுத்ததில் இருக்கும் என்று நம்ப முடியாது. அயர்லாந்தின் டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா எண்பலகையைப் படித்துக்கொள்ள, மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். இத்தாலியின் பழைய நகர்ப்பகுதிகளில் 'இசட்.டி.எல்.' என்ற வாகனக் கட்டுப்பாட்டு வட்டங்கள் உள்ளன. வழிகாட்டிச் செயலி சொன்னதே என்று நுழைந்தால், கடக்கும் ஒவ்வொரு முறையும் தனி விதிமீறலாகப் பதிவாகும். உள்ளே தங்கும் விடுதி இருந்தால், காரின் எண்ணை நகராட்சிக்குத் தெரிவிக்க முடியுமா என்று விடுதியிடம் முன்பே கேளுங்கள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விதிமீறல் பதிவானதும் வாடகை நிறுவனம் ஒரு தொகையைப் பிடிக்கும். அது உங்கள் முகவரியை அதிகாரிகளிடம் தந்ததற்கான அலுவலகக் கட்டணம் மட்டுமே. உண்மையான அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்துத் தனியாக வரும். கட்டிவிட்டோம் என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்துவிட்டால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

எரிபொருளில், முழுத் தொட்டியோடு வாங்கி முழுத் தொட்டியோடு திருப்பித் தரும் முறையே நியாயமானது. கடைசியாக நிரப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நிறத்தை நம்பக் கூடாது. பிரிட்டனில் பச்சை பெட்ரோலைக் குறிக்கும், அமெரிக்காவில் பல நிலையங்களில் அதே பச்சை டீசலைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் வட்டத்துக்குள் 'ஈ' (E) என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் 'பி' (B) என்றால் டீசல். தவறாக நிரப்பியது தெரிந்தால் இன்ஜினை இயக்காமல் நிறுவனத்தை அழைப்பதே சேதத்தைக் குறைக்கும் வழி.

எல்லை தாண்டுவதற்கும் கப்பலில் காரை ஏற்றுவதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மண் சாலைகளைப் பல ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. ஐஸ்லாந்தின் 'எஃப்' எண்ணிட்ட மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அங்கே ஆற்றைக் கடக்கும்போது வரும் சேதத்தையும், காற்று கதவை மடக்கிவிடும் சேதத்தையும் சாதாரணக் காப்பீடு ஏற்பதில்லை.

விபத்து நேர்ந்தால், சிறியதானாலும் காவல்துறை அறிக்கை கேட்டுப் பெறுங்கள், நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில், தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளும் வகையில் கையெழுத்திட வேண்டாம்.

திருப்பித் தரும்போது ஊழியர் முன்னிலையில் சரிபார்த்து, சேதமில்லை என்ற ரசீதைப் பெறுங்கள். அலுவலகம் மூடிய பின் சாவியைப் பெட்டியில் போட்டால், அலுவலகம் மீண்டும் திறக்கும் வரை காரின் பொறுப்பு உங்களுடையதே என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படியானால் நிறுத்திய இடமும் நேரமும் தெரியும்படி மீண்டும் ஒரு காணொளி எடுங்கள். அட்டை இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்தலாமா என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்துக்கு இயந்திரம் தரும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது. பின்னர் அறியாத தொகை பிடிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் ஆதாரம் கேளுங்கள்: தேதியுள்ள படம், பழுதுபார்ப்புச் செலவின் விவரம், நீங்கள் கையெழுத்திட்ட தாள். பதில் திருப்தி தராவிட்டால் அட்டை தந்த வங்கியிடம் அத்தொகையை மறுத்து முறையிடலாம்; அதற்குக் காலவரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள், மற்றோர் உறுப்பு நாட்டு நிறுவனத்தோடு உள்ள வழக்குக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். ஒப்பந்தம், காணொளிகள், எரிபொருள் ரசீது ஆகியவற்றைப் பயணம் முடிந்து ஓராண்டு வரையேனும் அழிக்காமல் வைத்திருங்கள்.