புளிப்பை வைத்து அமிலத்தை எடைபோடாதீர்கள்

நாக்கில் புளிப்பதெல்லாம் உடலில் அமிலம் சேர்ப்பதில்லை. எலுமிச்சையிலுள்ள சிட்ரேட், உள்ளே போனதும் பைகார்பனேட் என்ற காரப்பொருளாக மாறி, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையையே தருகிறது. புளிப்பே தெரியாத இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி, தானியங்கள்தாம் அமிலத்தை மிச்சம் வைக்கின்றன. அவற்றின் புரதத்திலுள்ள கந்தகம் சல்பூரிக் அமிலமாகிச் சிறுநீரகத்துக்கு வேலை கொடுக்கிறது. அதற்காக அவற்றைத் தள்ளிவைக்க வேண்டாம், பிறகு புரதத்துக்கு எங்கே போவது? தட்டில் பாதியைக் காய்கறி, கீரை, பழங்களால் நிரப்பினாலே போதும். இரத்தத்தின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத்தன்மையைக் காட்டும் எண்ணை, 7.35–7.45க்குள் நுரையீரலும் சிறுநீரகமும் காத்துக்கொள்ளும். உணவுக்கேற்ப மாறுவது சிறுநீரின் பிஎச்தான். எனவே ‘காரத்தன்மை கொண்ட குடிநீர்’ என்று விற்கும் பாட்டில், என்னைக் கேட்டால், வீண்செலவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும், பொட்டாசியம் மிகுந்த காய், பழங்களைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.