கல்லூரி ஃபுட்பால் சாம்பியன்: சீர்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உயர்மட்டப் பிரிவில் 130க்கும் அதிகமான அணிகள் இருக்கின்றன. வழக்கமான சீசனில் ஓர் அணிக்குக் கிடைப்பதோ 12 ஆட்டங்கள். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லாததால், யாராவது உட்கார்ந்து வரிசைப்படுத்தித்தான் ஆகவேண்டும். சீர்திருத்தம் பேசுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான்.

கடைசியாக எழுந்த புகாருக்கு மட்டும் மருந்து தேடுவது பழைய வியாதி. அப்போது பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்கள் என இரு தரப்பின் கருத்துக்கணிப்புகளையும் கணினிக் கணக்கையும் ஒரு சூத்திரத்தில் சேர்த்து, தேசிய இறுதிக்கு இரண்டே அணிகளைத் தேர்ந்தார்கள். 2003இல் இரண்டு கருத்துக்கணிப்புகளிலும் முதலிடத்தில் இருந்த தெற்குக் கலிபோர்னியா, கணினிக் கணக்கைச் சேர்த்ததும் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. தன் கான்ஃபரன்ஸின் (அணிகள் சேர்ந்து ஆடும் லீக்கின்) இறுதியில் 35-7 என்று தோற்ற ஓக்லஹோமா தேசிய இறுதிக்குப் போனது. அடுத்த ஆண்டே கருத்துக்கணிப்புகளின் எடையை மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தினார்கள். அந்த 2004இல் ஒரு தோல்விகூட இல்லாத ஆபர்ன் வெளியே நின்றது! இடம் இரண்டு, தோற்காத பெரிய அணிகள் மூன்று. எந்தச் சூத்திரமும் அதைத் தீர்க்காது.

அடுத்தது, உள்ளே வரும் உரிமையையும் உள்ளே வந்தபின் தரும் சலுகையையும் ஒன்றாகக் கட்டுவது. பிறகு சாம்பியனை முடிவுசெய்ய வந்த நாக்அவுட் போட்டியான பிளேஆஃப், 2024இல் நான்கு அணிகளிலிருந்து 12 அணிகளானது. தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியானது. அதுவரை சரி. அவர்களில் முதல் நால்வருக்கு நேரடிக் காலிறுதியும் தந்ததில்தான் கோளாறு. தரவரிசையில் 9ஆம் இடத்து பாய்சி ஸ்டேட்டும் 12ஆம் இடத்து அரிசோனா ஸ்டேட்டும் முதல் சுற்றைத் தாண்டி உட்கார்ந்தன. விளைவு, பிளேஆஃப் அட்டவணையின் நிலைகள் தரவரிசையிலிருந்து விலகின: தோல்வியே காணாத முதல்நிலை ஓரெகனுக்குக் காலிறுதியிலேயே எட்டாம் நிலை ஒஹாயோ ஸ்டேட். ஐந்தாம் நிலை டெக்ஸஸுக்கு க்ளெம்சன், பிறகு அரிசோனா ஸ்டேட் என்று எளிய பாதை. ஓரெகன் 41-21 என்று வீழ்ந்தது, ஒஹாயோ ஸ்டேட் பட்டத்தையே வென்றது. 2025இல் சாம்பியன்களுக்கான இடங்களை வைத்துக்கொண்டு, காலிறுதிச் சலுகையைத் தரவரிசையின் முதல் நால்வருக்கு மாற்றினார்கள். அதுவே முறை.

பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் தேர்வுக் குழு ‘சிறந்த’ அணியைத் தேடுகிறதா, ‘தகுதி ஈட்டிய’ அணியையா என்பதைச் சீசனுக்கு முன்பே எழுதிவைக்காததும் பிழை. 2023இல் 13-0 என்று முடித்த ஃப்ளோரிடா ஸ்டேட், முதன்மைக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) காயமடைந்ததால் நால்வரில் இடம் இழந்தது. காயம் கணக்கில் வரும் என்றால், எவ்வளவு வரும் என்று வீரர்களுக்கு முன்கூட்டித் தெரியவேண்டாமா?

அணிகளைக் கூட்டினால் சண்டை ஓயும் என்பதும் கனவு. 4, 12, 16 என்று எல்லைதான் நகரும், எல்லைக்கு வெளியே நிற்பவர் கூச்சல் நகராது. அதைவிட உடல் கணக்கைப் பாருங்கள்: 12 ஆட்டங்கள், கான்ஃபரன்ஸ் இறுதி ஒன்று, பிளேஆஃபில் நான்கு சுற்று, ஓய்வுச் சுற்று கிடைக்காத அணிக்கு மொத்தம் 17. பதினாறு அணிகள் வந்து யாருக்கும் ஓய்வுச் சுற்று இல்லையென்றால், கான்ஃபரன்ஸ் இறுதி ஆடிவிட்டுத் தேசிய இறுதிவரை போகும் எந்த அணிக்கும் இதே 17தான். விரிவாக்கம் கேட்பவர்கள் எந்த ஆட்டத்தை வெட்டப்போகிறோம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதவேண்டும். கான்ஃபரன்ஸ் இறுதியை வெட்டினால் ஐந்து சாம்பியன்களை எப்படி முடிவுசெய்வது என்பதையும் சேர்த்து.