வெயிலில் முறுக்கேற்றிய காற்றுப்பாய்: பம்ப் சாக்கு பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் சொந்தக்காரர் ஒருவருடைய ரப்பர் விளையில் என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் டென்ட் அடித்துத் தங்கினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். நான்கு பேரிடமும் புத்தம்புது ஸ்லீப்பிங் மேட், கூடவே காற்று நிரப்ப பம்ப் சாக்கு. இறங்கிய கையோடு, மதியம் ஒரு மணி இருக்கும், நால்வரும் போட்டி போட்டுக்கொண்டு பாயில் காற்றை ஏற்ற ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் பல வருஷம் முன்னால் நான் செய்தது அச்சு அசலாக அதேதான். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பாய்க்கு அடியில் முள் இருக்கிறதா பார், மூடியை இறுக்கி மூடு, இதெல்லாம் வாங்கும்போதே தெரிந்துவிடும். அதைச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை.

சாக்கின் வாயில் வாயை வைத்து ஊதுவது

பம்ப் சாக்கு என்பது மெல்லிய நைலான் பை. ஒரு பக்கம் அகன்ற வாய், மறுபக்கம் பாயின் வால்வில் பொருந்துகிற சின்ன மூக்கு. புதிதாக வாங்கியவர்கள் பலூன் ஊதுவதைப்போல அதன் வாயைக் குவித்துப் பிடித்து, உதட்டை ஒட்டவைத்து, கன்னம் வலிக்க ஊதுகிறார்கள். அப்படி ஊதினால் உங்கள் நெஞ்சில் இருக்கிற காற்று மட்டும்தான் உள்ளே போகும். ஒரு மூச்சுக்கு மூன்று, நான்கு லிட்டர்.

வாயை நன்றாக விரித்துப் பிடியுங்கள். முகத்துக்கும் பைக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளி விடுங்கள். இப்போது நீளமாக ஒரே மூச்சு ஊதுங்கள். வேகமாகப் போகிற காற்று சுற்றியிருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், பை ஒரே மூச்சில் புடைத்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது. அப்புறம் வாயை இரண்டு சுற்று சுருட்டி, பையை மார்போடு அணைத்து மெதுவாக அழுத்தினால் காற்று பாய்க்குள் இறங்கும். 183 செ.மீ. நீளம், 51 செ.மீ. அகலம் உள்ள சாதாரணப் பாய்க்கு இப்படி மூன்று, நான்கு தடவை போதும்.

காற்று அடிக்கிற இடத்தில் ஊதவே வேண்டாம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று, முட்டத்துக் கடல்காற்று, இதற்கெல்லாம் எதிரே சாக்கின் வாயைக் காட்டினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் நிறைந்துவிடும். ஆனால் அங்கே பாயை முதலில் முழங்காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி நிறைந்த பாய் அரைக் கிலோகூட இருக்காது. முப்பந்தல் பக்கம் ஒருவருடைய பாய் கையை விட்டுப் பறந்து முள்காட்டில் போய் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தபோது பதினோரு ஓட்டை.

நேரடியாகப் பாய்க்குள் வாயால் ஊதுவது

வேண்டாம். நெஞ்சிலிருந்து வருகிற மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. இரவில் பாய் குளிரும்போது அந்த ஈரம் உள்ளேயே தண்ணீராகப் படியும், எச்சிலும் சேரும், பூசணம் பிடிக்கும். நம் ஊர்க் காற்றே ஈரம்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் மூச்சுக்காற்றின் அளவுக்கு இல்லை, அதில் எச்சிலும் இல்லை.

மதியமே ஏற்றி, கல்லாக்கி, டென்டுக்குள் போட்டுவைப்பது

இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் தப்பாகிப் போனால் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது.

என் முதல் நல்ல பாயை மணக்குடிக் காயலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில்தான் இழந்தேன். பிப்ரவரி மாதம். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். வேலையை முதலிலேயே முடித்துவிடலாம் என்று பம்ப் சாக்கை எடுத்து, விரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்குக் காற்றை ஏற்றி, டென்டுக்குள் விரித்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து, சாப்பிட்டு, தென்னை மூட்டில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்து, மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் டென்டுக்குள் கையை நீட்ட முடியவில்லை, அவ்வளவு அனல். பாயைத் தொட்டால் தோல் சுட்டது. பாயில் வரிவரியாக ஓடுகிற குழாய்களில் தலைப்பக்கம் இரண்டு ஒன்றாகி, ஒரு பூசணிக்காயை உள்ளே ஒளித்துவைத்ததைப்போல மேலே துருத்திக்கொண்டு நின்றன.

அது என்ன என்று அப்போது தெரியவில்லை. காற்றைக் கொஞ்சம் விட்டால் சரியாகும் என்று நினைத்தேன். விட்டேன், வீக்கம் குறைந்தது, ஆனால் திரும்ப ஏற்றியதும் அதே இடத்தில் அதே வீக்கம். அன்று நடுராத்திரி காதுக்குப் பக்கத்தில் ‘பட்’ என்று ஒரு சத்தம். அடுத்த வரியும் விட்டுப்போயிற்று. அதற்கு அடுத்த முறை போனபோது இன்னும் இரண்டு. கடைசியில் பாயின் மேல்பாதி முழுக்க ஒரே உருண்டை, அதில் படுத்தால் உருண்டு தரைக்கு வருவோம். வாங்கிய கடையில் கேட்டேன், வெயிலில் கெட்டதற்குப் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கூட வந்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட என்ன கேடு என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். பாயின் மேல்துணியும் கீழ்த்துணியும் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியவை. இடையிடையே வரிவரியாகச் சூட்டால் ஒட்டியோ, உள்ளே குறுக்குத் துணி வைத்து ஒட்டியோதான் அது பாய் வடிவத்தில் தட்டையாக நிற்கிறது. அந்த ஒட்டு இல்லாவிட்டால் அது வெறும் தலையணை உறை. சூடு ஏறினால் ஒரே நேரத்தில் இரண்டு கேடு. காற்று விரியும், பூச்சு இளகும்.

விரிவு எவ்வளவு? காலையில் 30 டிகிரியில் ஏற்றிய காற்று, மூடிய டென்டுக்குள் 55 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 8 சதவீதம் கூடும். எட்டுதானே என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே கல்லாக இருக்கிற பாய்க்கு விரிய இடமே இல்லை, அதனால் அந்த எட்டும் அழுத்தமாகத்தான் மாறும், வெளிக்காற்றின் அழுத்தத்தில் எட்டு சதவீதம் என்றால் அதுவே ஒரு பிஎஸ்ஐ-க்கு (டயர்க் காற்றை அளக்கிற அலகு) கொஞ்சம் மேலே வரும். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ அடிக்கிறோமே, இது ஒன்றுதானே என்று கேட்கலாம். டயர் அதற்காகச் செய்தது. பம்ப் சாக்கை மார்போடு சேர்த்து அணைத்து நாம் கொடுக்கிற அழுத்தமே ஒரு பிஎஸ்ஐ வராது, பாயின் ஒட்டு அந்த அளவை நம்பிச் செய்தது. வெயில் அதை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது, அதுவும் ஒட்டு இளகி இருக்கிற நேரத்தில்.

பஞ்சர் என்றால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிற இடத்தைப் பிடித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டுப் போட்டுவிடலாம், அரை மணி நேர வேலை. இது உள்பக்க ஒட்டு. உள்ளே கை போகாது, வெளியிலிருந்து எதை ஒட்டினாலும் பிடிக்காது. ஒரு வரி போனால் அதன் பாரம் பக்கத்து வரிக்குப் போகும், அதுவும் போகும். அதனால்தான் இதைப் பற்றி இத்தனை நீட்டி எழுதுகிறேன்.

குலசேகரத்துக் கதைக்கு வருகிறேன். பையன்கள் டென்ட் அடித்த இடத்தில் சுற்றிலும் ரப்பர் மரம்தான். நிழல் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் ரப்பர் இலை கொட்டுகிற காலம், மேலே பார்த்தால் வெறும் கொம்பும் வானமும்தான், வெயில் நேராகத் தரையில் இறங்குகிறது. காலுக்குக் கீழே காய்ந்த இலை நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டாவது நிழல் எங்கே போயிற்று என்று யோசித்திருக்க வேண்டும்.

“மக்கா, பாதிக் காத்த விட்டுரு” என்றேன்.

“ஏன் மாமா? கல்லு மாதிரி நல்லால்லா இருக்கு. ராத்திரி எப்படியும் கொஞ்சம் எறங்கிரும்லா?”

“ராத்திரி எறங்கும். அதுக்கு முன்ன மத்தியானம் ஏறும்லே.”

மூன்று பேர் உடனே விட்டுவிட்டார்கள். ஒருவன் மட்டும் அப்புறம் விடலாம் என்று பேச்சிப்பாறை அணையைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். அவன் பாயின் வால்வை நானே போய்த் திறந்துவிட்டேன். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாதுதான், ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பகலில் பாய் அதன் உறைக்குள்ளேயே இருக்கட்டும். வெயில் தாழ்ந்து, டென்டுத் துணியில் கை வைத்தால் சூடு தெரியாத நேரத்தில் ஏற்றுங்கள். முன்னாலேயே ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், நடுவில் கை வைத்து அழுத்தினால் உள்ளங்கை தரையைத் தொடுகிற அளவோடு நிறுத்துங்கள். காலையிலும் இதே ஆபத்து உண்டு: எழுந்து கட்டஞ்சாயா போடுகிற நேரத்தில் பனி காயட்டும் என்று பாயை அப்படியே முறுக்காகத் தூக்கிப் பாறைமேல் வைக்கிறார்கள். எட்டரை மணிக்கு நம் ஊர்ப் பாறை எப்படிக் கொதிக்கும் என்று வெறுங்காலோடு நின்றவர்களுக்குத் தெரியும். வால்வைத் திறந்து, நிழலில் கொடியில் போட்டுக் காயவையுங்கள்.

ராத்திரி இளகினால் பஞ்சர் என்று முடிவு கட்டுவது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் இது. சாயந்திரம் 32 டிகிரியில் ஏற்றிய பாய் நடுராத்திரி 24-க்கு வரும்போது இரண்டரை சதவீதம் சுருங்கும், புதுத்துணி முதல் இரவில் கொஞ்சம் இழுத்தும் கொடுக்கும். முதுகுக்குத் தெரியும் அளவுக்கு இளகும். பஞ்சர் இல்லை. படுக்கப் போகும்முன் சாக்கால் ஒரு தடவை சேர்த்து ஏற்றுங்கள். அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பு எலும்பு தரையில் தட்டாத வரைக்கும் வால்வை லேசாக அமுக்கிக் காற்றை விடுங்கள், அதுதான் உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவு. விடிகிறபோது பாய் முழுக்கத் தட்டையாகித் தரையில் கிடந்தீர்கள் என்றால் மட்டும் ஓட்டையைத் தேடுங்கள்.

மணலும் சிப்ஸ் தூளும்

சொத்தவிளை, சங்குத்துறை மாதிரிக் கடற்கரையில் காற்று பிடிக்கிறவர்கள் சாக்கின் வாயைத் தரையோடு தேய்த்து இழுக்கிறார்கள். மணலும் சேர்ந்து வருகிறது. அதை அழுத்தும்போது எல்லாம் நேராக வால்வுக்குத்தான் போகும். வால்வுக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் இதழ்தான் காற்றை ஒருவழியாக விடுகிறது. அதன் அடியில் ஒரு மணல் மாட்டினாலும் இதழ் சரியாகப் படியாது, இரவு முழுக்கக் காற்று கசியும், பாயில் எவ்வளவு தேடினாலும் ஓட்டை கிடைக்காது. சாக்கை மார்புயரத்தில் தூக்கிப் பிடியுங்கள்.

பம்ப் சாக்கைத் துணி வைக்கிற பையாகவும் பயன்படுத்தலாம் என்று விற்கிறார்கள். காய்ந்த துணி என்றால் சரி. ஈரத் தோர்த்து (துண்டு) வேண்டாம், தின்பண்டம் வேண்டவே வேண்டாம். என் கூட்டாளி ஒருவர் அதில் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தார். ராத்திரி அவர் பாயின் வால்வைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, இதழின் ஓரத்தில் எண்ணெய் மினுங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் துணுக்கு, கடுகைவிடச் சின்னது. ஈரத்துணியால் துடைத்து எடுத்த பிறகுதான் கசிவு நின்றது.

சாக்கின்மேல் முழங்காலைப் போட்டு அமுக்குவது

மூக்கு பிய்ந்துவிடும். கையால் மட்டும்.

வேறு கம்பெனிச் சாக்கை நம்பிப் போவது

வீட்டிலேயே பொருத்திப் பாருங்கள். ஒரு கம்பெனி மூக்கு இன்னொரு கம்பெனி வால்வில் பெரும்பாலும் உட்காராது.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல்

இது பாயைப் பற்றியது இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு பக்கம் எல்லாம் வனத்துறை இடம். அனுமதி இல்லாமல் டென்ட் அடிக்காதீர்கள். தெரிந்தவர் விளையோ தோப்போ கிடைத்தால் அங்கே தங்குங்கள். ஜனவரியில் ரப்பர் விளை என்றால் மட்டும், டென்ட் அடிக்கும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.