குவாட் தரும் விடையை அப்படியே நம்பிவிடாதீர்கள்

பைத்தானின் அறிவியல் நூலகமான ஸைபையில் (SciPy) தொகையீட்டை எண்களாகக் கணக்கிடும் சார்பு குவாட் (quad). அது சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள், அதைச் சரிசெய்வது எளிது. பெரும்பாலும் சார்பின் பெயரைக் கொடுப்பதற்குப் பதில் அடைப்புக்குறி போட்டு அழைத்தே அனுப்பியிருப்பீர்கள், அல்லது குவாட் விடை, பிழை மதிப்பீடு என்று இரண்டு எண்களைத் திருப்பித் தரும் என்பதை மறந்து மொத்தத்தையும் 0.5-ஆல் பெருக்கப் போயிருப்பீர்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் சரி.

ஓவர்ஃப்ளோ எரர், அதாவது கணினி தாங்க முடியாத அளவு பெரிய எண் உருவாகிவிட்டது என்ற பிழை, வந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கரும்பொருள் கதிர்வீச்சில் வரும் பிளாங்க் தொகையீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸின் கனத்தை, ஈ-யின் எக்ஸ் அடுக்கில் ஒன்று கழித்ததால் வகுத்து, பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரை. எக்ஸ் 710-ஐத் தொட்டாலே ஈ-யின் அடுக்கைக் கணக்கிடும் மேத் எக்ஸ்ப் (math.exp) கைவிட்டுவிடும். மேலேயும் கீழேயும் ஈ-யின் மைனஸ் எக்ஸ் அடுக்கால் பெருக்கி எழுதிவிட்டால் பெரிய எண்ணே உருவாகாது, விடை 6.4939 என்று ஒழுங்காக வரும்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம், சத்தமே இல்லாமல் தப்பு விடை வரும் இடங்களில்தான். ஈ-யின் மைனஸ் எக்ஸ் வர்க்க அடுக்கை -15 முதல் 15 வரை தொகையிட்டால் 1.77245 வருகிறது, சரியான விடை. எல்லையை -10000 முதல் 10000 என்று விரித்துப் பாருங்கள், விடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம், பிழை மதிப்பீடும் பூஜ்ஜியம், எச்சரிக்கை எதுவும் கிடையாது. குவாட் ஒவ்வொரு துண்டிலும் 21 புள்ளிகளில் மட்டும்தான் சார்பைப் பார்க்கிறது. இந்தச் சார்பின் வரைபடம் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஒரு குறுகிய மேடு. முதல் தடவை நடுப்புள்ளி அந்த மேட்டின் உச்சியிலேயே விழுந்தாலும், துண்டை இரண்டாகப் பிரித்த பிறகு உச்சிக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியே சுமார் 21.7 தள்ளிப் போய்விடுகிறது, அங்கே சார்பில் ஒன்றுமே மிச்சமில்லை, அதனால் எல்லாம் பூஜ்ஜியம் என்று முடிவுகட்டிவிடுகிறது. எல்லைகளை முடிவிலியாகவே கொடுங்கள், இல்லையென்றால் எங்கே பிரிக்க வேண்டும் என்று குவாட்டுக்குச் சொல்லும் பாயின்ட்ஸில் (points) -10, 10 என்று மேட்டின் இரண்டு அடிவாரங்களையும் சொல்லிவிடுங்கள். பூஜ்ஜியத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை, அது ஏற்கெனவே பிரிந்த இடம்தானே.

இதே மாதிரி இன்னொன்று. எஸ்ஐ அலகில் பிளாங்க் மாறிலி போன்ற மிகச்சிறிய எண்களோடு கணக்குப் போடும்போது விடையே பத்தின் மைனஸ் 20 அடுக்கு அளவில் இருக்கும், ஆனால் எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்று சொல்லும் எப்ஸ்ஆப்ஸின் (epsabs) இயல்பு மதிப்பு பத்தின் மைனஸ் 8 அடுக்கை ஒட்டியது, ஆகவே எவ்வளவு தப்பாக இருந்தாலும் போதும் என்று முதல் சுற்றிலேயே நிறுத்திவிடும். எப்ஸ்ஆப்ஸைப் பூஜ்ஜியமாக்குங்கள். அதைவிட நல்லது, மாறிலிகளை வெளியே எடுத்துவிட்டு அலகில்லாத மாறியில் தொகையிடுவது.

பழைய நிரலில், மதிப்புப் பட்டியலைத் தொகையிடும் சிம்ப்ஸ் (simps) இல்லை என்று பிழை வந்தால், ஸைபை 1.14-இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள்; சிம்ப்சன் (simpson) என்று மாற்றி, எக்ஸ் மதிப்புகளை x= என்று பெயர் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், எந்த விடை வந்தாலும் எல்லையை 0.37 மாதிரி ஏதாவது ஒரு ஒழுங்கற்ற இடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். முன்பு வந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ தப்பு; ஒத்துப்போனாலும், மேலே பார்த்த குறுகிய மேட்டில் நடப்பதுபோல இரண்டுமே தப்பாக இருக்கலாம். ஆகவே சார்பை வரைபடமாகப் போட்டு மேடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு எல்லைகளை மாற்றுங்கள்.