தக்காளிச் சண்டையைக் கத்தியால் தீர்ப்பது எப்படி?

தக்காளி பழமா காய்கறியா என்று யாராவது ஆரம்பித்தால், “செடியிடம் கேட்கிறாயா, அடுப்பிடம் கேட்கிறாயா?” என்று திருப்பிக் கேளுங்கள். தாவரவியலில் காய்கறி என்று ஒரு பிரிவே கிடையாது. பூவின் சூலகம், அதாவது விதை உருவாகும் அடிப்பகுதி, பருத்து விதையைச் சுமந்தால் அது கனி. இனிக்க வேண்டும் என்பதெல்லாம் நம் நாக்கு போட்ட சட்டம்.

சரி, கையில் இருப்பது எது? குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெண்டைக்காயில் ஐந்தாறு அறைகளும் அறைக்குள் விதைகளும் தெரியும், கனிதான். கேரட்டை எங்கே வெட்டினாலும் விதை வராது, வேர். உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒவ்வொன்றும் மொட்டு, அதனால் அது மண்ணுக்குள் பருத்த தண்டு. வெட்ட மனமில்லையென்றால் பூவின் தடயத்தைத் தேடுங்கள்: கத்தரிக்காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி பூவின் புல்லிவட்டம் (மொட்டை மூடியிருந்த வெளியடுக்கு), வெள்ளரிப் பிஞ்சிலோ வாடிய பூ காம்புக்கு எதிர்முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாழைப்பழத்தில் விதை எங்கே என்று கேட்பவர்களுக்கு, நடுவில் தெரியும் கரும்புள்ளிகளைக் காட்டுங்கள், விதையாகாமல் நின்றுபோன சூல்கள், அதாவது விதைக்கான கருக்கள் அவை.

தமிழில் இன்னொரு குறுக்குவழி உண்டு. பெயர் ‘காய்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது தாவரவியல் கனியேதான், முருங்கைக்காய், பூசணிக்காய், ஏலக்காய் உட்பட. வெங்காயத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது இலையடிகளின் அடுக்கு. மாசிக்காய் இன்னும் மோசம்: ஓக் மரத்தில் குளவி முட்டையிட்டதால் வந்த புடைப்பு!

பழக்கூடையிலும் இந்தக் குளறுபடி உண்டு. ஸ்ட்ராபெரியில் நாம் தின்னும் சிவப்புச் சதை பருத்த பூத்தளம் (பூவின் பாகங்கள் உட்கார்ந்திருக்கும் காம்பு நுனி), மேலே விதை மாதிரி ஒட்டியிருக்கும் ஒவ்வொன்றும் தனிக் கனி. முந்திரிப் பழமும் வீங்கிய காம்புதான், கனி அடியில் தொங்குகிறது.

1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தக்காளிக்குத் தீர்ப்பு சொன்னது. இறக்குமதிக் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை என்பதுதான் வழக்கு. செடிப்படி கனி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மக்கள் சாப்பாட்டோடு உண்பதால் காய்கறி என்று வரியை உறுதி செய்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

விதை எடுக்கும்போதுதான் இந்த வித்தியாசம் நிஜமாக உதவும். வெள்ளரியையும் வெண்டையையும் நாம் பிஞ்சிலேயே பறித்துவிடுகிறோம், அந்த விதை முளைக்காது. வெள்ளரி மஞ்சளாகிப் பழுக்கட்டும், வெண்டை செடியிலேயே காய்ந்து சலசலக்கட்டும், அப்புறம் பறியுங்கள்.